அறுபத்தெட்டு டிகிரியும் ஒரு தட்டு வடையும்

1

போன வாரம் டவுன்ஷிப் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் பெயரில் மூன்று எழுத்துப் பிழை இருந்தது. இருந்தாலும் அது எனக்குத்தான் என்பதில் சந்தேகமில்லை. பெயருக்குக் கீழே ‘சொத்தின் உரிமையாளர்’ என்று போட்டிருந்தார்கள். நியூ ஜெர்ஸிக்கு வந்த இந்த ஏழு வருடத்தில் அரசாங்கம் என்னைப் பல விதமாக அழைத்திருக்கிறது. முதலில் ஏலியன் என்றது. பிறகு மனமிரங்கி ரெசிடென்ட் ஏலியன் என்றது. உரிமையாளர் என்று அழைத்தது இதுதான் முதல் தடவை. ஆகவே உறையைப் பிரிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

உள்ளே இருந்த விஷயம் அவ்வளவு சந்தோஷமானதல்ல. என் வாடகை வீட்டில் போதிய சூடு இல்லையாம். சுவரில் ஈரம் பூத்துக் கறுப்பு பிடித்திருக்கிறதாம். குடியிருப்பவர் புகார் கொடுத்திருக்கிறாராம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பாராம், உரிமையாளரும் அங்கே இருந்தால் நல்லதாம்.

ஈரோட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இது விளங்காது. அங்கே வீடு கொதிக்கிறது என்று வேண்டுமானால் வீட்டுக்காரரிடம் போய் நிற்கலாம். அதற்கும் அவர், “மொட்டை மாடியில தண்ணி தெளிச்சுட்டுப் படுத்துக்குங்க” என்பார். இங்கே அப்படியில்லை. வாடகைக்கு விடுகிறவன் அக்டோபரிலிருந்து மே பிறக்கும் வரை பகலில் அறுபத்தெட்டு டிகிரிக்குக் குறையாமல் வீட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். கூரை ஒழுகக் கூடாது, சுவர் நனையக் கூடாது. அறுபத்தெட்டு என்றதும் பதற வேண்டாம், அது பாரன்ஹீட். நாம் வெயிலை சென்டிகிரேடிலும் காய்ச்சலை மட்டும் பாரன்ஹீட்டிலும் அளக்கிற ஜனம். அதனால் எனக்கு இந்த எண் முதலில் பிடிபடவே இல்லை. நம் கணக்கில் இருபது டிகிரி. ஊட்டியில் அப்படியிருந்தால் நல்ல நாள் என்பார்கள்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தேன். என் மனைவி சுமதி என்ன சிரிப்பு என்று கேட்டாள்.

“இன்ஸ்பெக்டர் வரட்டுமே. அந்த வீட்ல இருக்கறது யாரு? நம்ம ஜனம்தானே? ஒண்ணும் ஆகாது பாரு” என்றேன்.

சுமதி பதில் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஒரு தப்பை நான் திருத்திக்கொள்ளவே இல்லை.

2

நான் ஏன் சிரித்தேன் என்று சொல்ல, நாங்கள் வந்து இறங்கிய வருடத்துக்குப் போக வேண்டும். தொண்ணூற்று மூன்று, ஆகஸ்ட் மாதம். பார்சிப்பனியில் எனக்கு வேலை. சுமதி, நான்கு வயது நித்யா, நான், ஆறு பெட்டிகள். எங்களை அழைத்துப் போக ஏர்போர்ட்டுக்கே காரோடு வந்தவர் சபேசன் அங்கிள்.

அவருக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம் ஏதும் கிடையாது. என் ஆபீஸ் நண்பனுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். இந்த ஊரில் அந்தத் தொலைவு போதும், அங்கிள் ஆகிவிடலாம். அவர் எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். துவரம் பருப்பு கிடைக்கிற கடையைக் காட்டினார். சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். கடைசியில் அவருடைய இரண்டு குடித்தன வீட்டின் கீழ்ப் பகுதியை எங்களுக்கே வாடகைக்குக் கொடுத்தார்.

“லீஸ் ஏதாவது சைன் பண்ணணுமா அங்கிள்?” என்று கேட்டேன்.

“நமக்குள்ள எதுக்குப்பா அதெல்லாம்? நீ என் பையன் மாதிரி” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே யாராவது உங்களிடம் ‘நமக்குள்ள’ என்று ஆரம்பித்தால் கண் கலங்குவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வீடு ஒரு மேட்டின் சரிவில் இருந்தது. கீழ்ப் பகுதியின் பின்பாதி மண்ணுக்குள். ஆகஸ்டில் அது சொர்க்கமாக இருந்தது, ஏசியே தேவைப்படவில்லை. ஹாலில் சுவரோடு ஒரு தெர்மோஸ்டாட். வீட்டுச் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அதுதான். அதன் மேல் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்கு ஒரு குட்டிப் பூட்டு. சாவி அங்கிளிடம். உள்ளே முள் அறுபதில் நின்றது. நாங்கள் தினமும் அதன் முன்னால் நின்று பார்ப்போம். கும்பிடாததுதான் பாக்கி.

நவம்பரில் எங்கள் மூச்சு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாவை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். டிசம்பரில் படுக்கையறைச் சுவர் வியர்த்தது. பீரோவுக்குப் பின்னால் மிளகைக் கொட்டின மாதிரி கறுப்புப் புள்ளிகள். அங்கிளுக்கு போன் பண்ணினேன்.

“இட்லி அவிக்கறீங்களா?” என்றார்.

“ஆமா அங்கிள்.”

“அதான். ஸ்டீம் எங்க போகும்? துணிய உள்ளயே காயப் போடறீங்களா?”

“வெளிய ஸ்னோவா இருக்கு அங்கிள்.”

“அதுவும்தான். அப்புறம் மூணு பேர் மூச்சு விடறீங்க பாருங்க, அதுலயும் மாய்ஸ்ச்சர் இருக்கு. ஸ்வெட்டர் போட்டுக்கோங்கப்பா. நாங்க வந்தப்போ இதெல்லாம் கூட இல்ல.”

இட்லியை நிறுத்தினோம். மூச்சை நிறுத்த முடியவில்லை. நித்யாவுக்கு மட்டும் அது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுகொண்டிருந்தது. ராத்திரியெல்லாம் இருமல், நெஞ்சுக்குள் மெல்லிசாக ஒரு விசில். டாக்டர் அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, “உங்கள் வீட்டில் ஹீட் இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது, பெட்டிக்குள் இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

3

ஆபீஸில் பக்கத்து க்யூபிக்கிளில் டெபோரா என்று ஒரு பெண்மணி. நான் அவளிடம் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றுதான் சொன்னேன். அவள் பத்துக் கேள்வி கேட்டு வீட்டுச் சூடு வரைக்கும் வந்துவிட்டாள். அறுபத்தெட்டு டிகிரிச் சட்டத்தை எனக்குச் சொன்னதும் அவள்தான். ஒரு மஞ்சள் சீட்டில் டவுன்ஷிப் நம்பரை எழுதி என் கையில் ஒட்டினாள்.

அந்தச் சீட்டை இரண்டு வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எங்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்த மனிதர் மேல் எப்படிப் புகார் கொடுப்பது? நாளைக்குக் கோயிலில் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? அதற்கு நடுவில் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா வேறு வந்தது. அங்கிள் மேடையேறி, புதிதாக வந்த குடும்பங்களுக்குத் தாம் எப்படி ஆதரவாக இருக்கிறார் என்று பத்து நிமிஷம் பேசினார். முன்வரிசையில் நித்யா இருமிக்கொண்டிருந்தாள். நான் கை தட்டினேன். கூட்டத்திலேயே பலமாகத் தட்டியது நான்தான் என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சுமதி காரில் வரும்போது, “நீங்க பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?” என்றாள். அவளுக்கு அப்போது ஆங்கிலத்தில் பத்து வாக்கியம் வராது. ஆகவே நானே பண்ணினேன்.

போனை எடுத்த பெண்ணிடம், எங்கள் வீட்டில் ‘கோல்ட்’ என்று ஆரம்பித்தேன். எனக்கு ஜலதோஷம் என்று எடுத்துக்கொண்டு, நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்கும்படி சொன்னாள். எனக்கில்லை, வீட்டுக்கு என்றேன். ஒரு நிமிஷம் இருங்கள் என்று வேறொருவருக்கு மாற்றினாள். அவர் மரம் வெட்டும் இலாகா. அவர் மாற்றிவிட்டது நாய் லைசென்ஸ். நான்காவதாகப் பேசியவர்தான் சரியான ஆள். விலாசத்தை வாங்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வருவார், வீட்டை அப்படியே வைத்திருங்கள் என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைகள் என் காதில் விழுந்தன. ஒரு அரசாங்க அதிகாரி வீட்டுக்கு வருகிறார் என்கிற செய்தி அதைவிடப் பெரிதாக விழுந்தது.

4

சுமதி திங்கட்கிழமை மத்தியானமே ஆரம்பித்துவிட்டாள். பிளீச் வாங்கி வந்து படுக்கையறைச் சுவரைத் தேய்த்தாள். கறுப்புப் புள்ளிகள் போய், சுவர் கல்யாண வீடு மாதிரி வெளுத்துவிட்டது.

“அதை ஏன் தொடைக்கறே? அதைக் காட்டத்தானே அவரைக் கூப்பிட்டிருக்கு?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நானே ஒரு மூலையில் பாக்கி இருந்த கறையை மறைக்க பீரோவை நகர்த்திக் கொடுத்தேன். “ஆபீசர் வர்றாருங்க. இப்படிக் கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?” என்றாள் சுமதி. எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஜன்னல் இடுக்குகளில் காற்று வராமல் பழைய துண்டைச் சுருட்டித் திணித்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து நான்கு அடுப்பும் எரிந்தன. ஒன்றில் வடைக்கு எண்ணெய், ஒன்றில் கேசரி, ஒன்றில் பால், ஒன்றில் கை கழுவ வெந்நீர். வருகிறவருக்குக் குளிருமே என்று அடுப்புக்குக் கீழே இருந்த ஓவனையும் மூட்டி அதன் கதவைத் திறந்து வைத்தாள். நித்யாவுக்குப் பட்டுப்பாவாடை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக நான் வீட்டுக்குள் குல்லாவைக் கழற்றினேன்.

இன்ஸ்பெக்டர் உயரமான மனிதர், செம்பட்டை மீசை. கதவைத் திறந்ததும் அவருடைய மூக்குக் கண்ணாடி பனி மூடிக்கொண்டது. அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கோட்டைக் கழற்றி, ஹாலின் நடுவில் நின்று தெர்மாமீட்டரை நீட்டினார். எழுபத்திரண்டு. படுக்கையறைக்குப் போனார், சுவரைப் பார்த்தார். வீட்டை மிகவும் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்றார். சுமதிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“எப்போதும் இப்படித்தான் இருக்குமா?” என்று என்னிடம் கேட்டார்.

சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது, “டுடே ஓகே, சார்” என்பதுதான்.

அவர் மூன்று வடை சாப்பிட்டார். காரமான டோநட் என்று புகழ்ந்தார். கேசரியை ஒரு பேப்பர் நாப்கினில் சுற்றி வாங்கிக்கொண்டார். ‘குறை ஏதும் இல்லை’ என்று ஒரு தாளில் எழுதி, என்னிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போனார்.

“நல்ல மனுசனுங்க” என்றாள் சுமதி. “ரொம்ப நல்ல மனுஷன்” என்றேன் நான். ஒரு மணி நேரம் வரைக்கும் நாங்கள் இருவரும் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தோம். அடுப்புகளை அணைத்து, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தபோதுதான் குளிர் காலில் ஏறியது. சுமதி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். அவளுக்குப் படித்துக் காட்டினேன். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தாளின் இன்னொரு பிரதி அங்கிளுக்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பிரசாதத்தோடு வந்தார். கோபமே இல்லை. “எழுபத்திரண்டு இருக்காமே! நான் அறுபதுதானே வச்சிருந்தேன்? பாத்தியாப்பா, இந்த வீடு எவ்ளோ நல்ல வீடு!” என்றார். பெட்டியைத் திறந்து முள்ளை ஐம்பத்தெட்டுக்கு இறக்கிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வாரம் நித்யாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாள் இருந்தாள். முகத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மாஸ்க், அதிலிருந்து புகை மாதிரி மருந்து. சுமதி கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த மாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

“அந்த வடையச் சுடாம இருந்திருக்கணும்.”

மார்ச்சில் வேறு வீட்டுக்குப் போய்விட்டோம். பெட்டி கட்டும்போது அந்த மாஸ்க்கைத் தூக்கிப் போடலாமே என்றேன். சுமதி அதைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டாள். இப்போதும் எங்கள் வீட்டுச் சமையலறை மேஜை டிராயரில், ரப்பர் பேண்டுகளோடும் பழைய பேட்டரிகளோடும் கிடக்கிறது.

5

இதையெல்லாம் அனுபவித்த மனிதன் பிறகு வீட்டுக்காரன் ஆனால் எப்படியிருப்பான்? தங்கமாக இருப்பான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிரீன் கார்டு வந்தது. எங்களுக்கென்று ஒரு வீடு வாங்கினோம். ஆபீஸில் எல்லோரும் இன்வெஸ்ட்மென்ட் என்று பேசினார்கள், ஆகவே போன வருடம் இன்னொரு பழைய வீட்டையும் வாங்கினேன். முதல் குளிர்காலத்தில் இருந்த இரண்டு பையன்கள் ஹீட்டை எண்பதில் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து போட்டார்கள். நான் நேரே ஹார்டுவேர் கடைக்குப் போனேன். தெர்மோஸ்டாட்டுக்கு மேலே மாட்டும் பெட்டி வேண்டும் என்று கேட்டேன். அது இன்னமும் அதே மாதிரிதான் வருகிறது. பூட்டுகூட அதே அளவு.

பையன்கள் காலி செய்தார்கள். முருகேஷும் ரேவதியும் வந்தார்கள். முருகேஷ் திண்டுக்கல்காரன், எச்-ஒன் விசாவில் வேலைக்கு வந்து ஆறு மாதம். கையில் எட்டு மாதக் குழந்தை, தாரிணி. நான் அவர்களை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வந்தேன். பருப்புக் கடையைக் காட்டினேன். லீஸைப் பற்றி முருகேஷ் கேட்டபோது நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் குளிர்காலம் வீட்டைச் சூடாக்க எரிக்கிற எண்ணெய் விலை ஏறிவிட்டது. முள் அறுபத்தைந்திலிருந்து இறங்கி, ஜனவரியில் ஐம்பத்தெட்டில் நின்றது. ரேவதி போன் பண்ணினாள்.

“அங்கிள், ரொம்பக் குளுருது அங்கிள். செவுரெல்லாம் நசநசன்னு இருக்கு. பாப்பாவுக்குச் சளியே விட மாட்டேங்குது.”

அப்போது என் வாயைத் திறந்து சபேசன் அங்கிள் பேசினார். “இட்லி அவிக்கறியாம்மா?” என்றார். பிறகு, “ஸ்வெட்டர் போட்டுக்கோங்க. நாங்க வந்தப்போ இதெல்லாம் கூட இல்ல” என்றார். பேசி முடித்து போனை வைத்தபோது சுமதி எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

கடிதம் வந்த அன்று சாப்பாட்டு மேஜையில்தான் எனக்கு அடுத்த சேதி தெரிந்தது. நித்யாவுக்கு இப்போது பதினொரு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சண்டைகூட இரண்டு மொழியில்தான் நடக்கும்.

“ஐ ஃபில்டு இட் அவுட்” என்றாள், சாதத்தைப் பிசைந்துகொண்டே.

“எதை?”

“தி கம்ப்ளெய்ன்ட். ரேவதி ஆன்ட்டி கால் பண்ணினாங்க, யூ வேர் அட் வொர்க். ஷீ வாஸ் க்ரையிங், அப்பா.” பிறகு தலையைத் தூக்கி, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி, “ஆர் யூ எ ஸ்லம்லார்ட்?” என்றாள்.

ஓட்டை வீட்டை வாடகைக்கு விட்டுக் குடியிருப்பவரைக் கசக்குகிறவனை இங்கே அப்படிச் சொல்வார்கள். பெற்ற மகள் தமிழில் பேசுவதில்லையே என்று ஏழு வருடமாக நான் வருத்தப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு கேள்வியை அவள் தமிழில் கேட்காததற்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

6

வியாழக்கிழமை. நான் மனசாட்சியே இல்லாதவன் அல்ல. இன்ஸ்பெக்டர் வரும் முன்னால் போய் முள்ளை எழுபதுக்கு ஏற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சாவிக் கொத்தில் பெட்டிச் சாவி இல்லை. ஆணியில் இல்லை, கோட்டுப் பையில் இல்லை, கார் சீட்டுக்கு அடியிலும் இல்லை. சுமதியைக் கேட்டேன்.

“உங்க சாவி எனக்கெப்படித் தெரியும்?” என்றாள்.

அவள் காரை எடுத்துக்கொண்டு எங்கோ போன பிறகும் அரை மணி தேடிவிட்டு, சரி, போகட்டும் என்று கிளம்பினேன். சாவி இல்லாவிட்டால் என்ன, எனக்கு ரேவதி இருக்கிறாள். திண்டுக்கல் பெண். ஆபீசர் வீட்டுக்கு வருகிறார். இந்நேரம் அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். சுவர் பளிச்சென்று இருக்கும். கேசரியில் முந்திரி போட்டிருப்பாளா என்பதுதான் வழியெல்லாம் எனக்கிருந்த யோசனை. ஒரு வடையை நானும் எடுத்துக்கொள்வதாக இருந்தேன்.

வாசலில் இன்ஸ்பெக்டர் எனக்கு முன்பே வந்து நின்றார். உயரமான மனிதர். மீசை நரைத்துவிட்டது. எனக்கு அவரை உடனே தெரிந்தது, அவருக்கு என்னைத் தெரியவில்லை. உள்ளே நுழைந்தோம்.

எந்த வாசனையும் இல்லை. ஹால் சில்லென்று இருந்தது. ரேவதி ஸ்வெட்டர் மேல் சால்வை போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்தாள், உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் கை இரண்டும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. வந்தவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காமல் நிற்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் கோட்டைக் கழற்றவில்லை. ஹாலின் நடுவில் தெர்மாமீட்டரை நீட்டினார். ஐம்பத்தெட்டு. படுக்கையறைக்குப் போய்ச் சுவரில் விரலை வைத்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பூட்டிய பெட்டியை ஒரு தடவை பார்த்தார், பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார்.

“ஒன்று சொல்லட்டுமா?” என்றார், எழுதிக்கொண்டே. “எத்தனையோ வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். உங்கள் ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து நிறையப் புகார் வரும். குளிரில் உறைகிறோம் என்பார்கள். போனால் வீடு ஃபுளோரிடா மாதிரி சூடாக இருக்கும், எனக்கு விருந்து வேறு வைப்பார்கள். ஏன் கூப்பிட்டார்கள் என்றே எனக்குப் புரிந்ததில்லை. குளிர்ந்து கிடக்கும் இந்தியர் வீட்டை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.”

நான் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினேன். அவருக்கு விளக்கிச் சொல்லும் ஆங்கிலம் இப்போது என்னிடம் தாராளமாக இருந்தது.

சமையலறைக்குப் போனோம். அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது. அதற்கு மேலே சுவரில் டேப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. சுமதியின் கையெழுத்தை நான் இருட்டிலும் கண்டுபிடிப்பேன்.

‘வியாழக்கிழமை ஆபீசர் போகும்வரை அடுப்புப் பற்ற வைக்காதே. காபி வேண்டாம். வெந்நீர்கூட வேண்டாம். சுவரைத் துடைக்காதே. பீரோவை நகர்த்தாதே. அவருக்கு ஒன்றும் கொடுக்காதே, மனசு கேட்காது, ஆனாலும் கொடுக்காதே. பாப்பாவை நான் வந்து தூக்கிப் போகிறேன். அக்கா.’

இன்ஸ்பெக்டரும் அந்தத் தாளைப் பார்த்தார். அழகான எழுத்து என்றார். “சமையல் குறிப்பா?”

“ஆமாம்” என்றேன்.

அவர் கொடுத்த தாளில் இந்தத் தடவை நிறைய எழுதியிருந்தது. இன்றைக்குள் சூடு ஏற வேண்டும். சுவர் ஈரத்துக்கு ஆள் வைத்துச் சரி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கோர்ட். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் ரேவதி, “சாரி அங்கிள். ஒரு வாய் காப்பி போடட்டுமா?” என்றாள்.  “வேண்டாம்மா” என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

7

எங்கள் வீட்டில் சோபாவில் தாரிணி தூங்கிக்கொண்டிருந்தாள். நித்யாவின் பழைய போர்வை. சுமதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கோபமாகத்தான் வந்தேன். வழியில் மூன்று வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன்.

“எவ்வளவு காட்டுச்சு?” என்றாள்.

“ஐம்பத்தெட்டு.”

தலையை ஆட்டிக்கொண்டாள். “நமக்கு எழுவத்திரண்டு காட்டுச்சு” என்றாள்.

தயார் செய்த மூன்று வாக்கியமும் எனக்குப் பிறகு தேவைப்படவில்லை. “சாவி எங்க?” என்று மட்டும் கேட்டேன். அவள் எழுந்திருக்காமலே சமையலறை மேஜையைக் காட்டினாள். டிராயரைத் திறந்தேன். ரப்பர் பேண்டுகளுக்கும் பேட்டரிகளுக்கும் நடுவில் அந்தச் சின்ன மாஸ்க் இருந்தது. பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. சாவி அதற்குள் கிடந்தது.

எடுத்துக்கொண்டு சோபா பக்கம் வந்தேன். குழந்தையின் போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். மெல்லிசாக அந்த விசில் கேட்டது. ஏழு வருடத்துக்குப் பிறகும் எனக்கு அது மறக்கவில்லை.

“சாயங்காலம் இவளக் கொண்டுபோய் விடணும்ங்க” என்றாள் சுமதி. “அதுக்குள்ள அந்த வீடு காஞ்சு சூடா இருக்கணும்.”

நான் கோட்டைக் கழற்றவே இல்லை. கராஜில் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினேன். பெட்டி நான்கு திருகாணியில்தான் மாட்டியிருக்கிறது. மாட்டியவனும் நான்தான்.